இல்லந்தோறும் இறையுருவம் எழுந்தருளச் செய்த இரவிவர்மர்

முழுமுதற் பொருளாகிய இறைவன் அருவம், உருவம், அருவுருவம் என்னும் மூன்று நிலைகளில் நின்று உயிர்களுக்கு அருள்புரிகின்றான் என்பது சைவநூல்களின் துணிபு. அருவநிலை நம்மனோர் எண்ணத்திற்கு எட்டுவதன்று. ஆதலின், ஆன்மாக்கள் பற்றிக்கொண்டு உய்தற்பொருட்டு அவன் கருணையினால் மேற்கொண்ட திருமேனிகளே நாம் திருக்கோயில்களிற் கண்டு வழிபடும் மூர்த்தங்களாம். அத்திருமேனிகளை ஆக்கும் முறையைச் சிற்பநூலார் மூவகைப்படுத்துவர். எல்லாப் பக்கமும் உருவம் முற்றத் தோன்றுவது சித்திரம். முன்பக்கம் மட்டும் புடைத்துத் தோன்றுவது சித்திரார்த்தம். சுவரிலோ துணியிலோ பலகையிலோ வண்ணத்தால் எழுதப்படுவது சித்திராபாசம்.

குடமுழுக்கு விழாவின்போது கல்லையும் செம்பையும் திருமேனியாக்கிய தபதியரை நன்றியோடு நினைத்தல் நம் மரபு. வண்ணத்தால் இறையுருவம் எழுதியவரை நினைப்பாரோ அரியர். செந்தாமரைமேல் நிற்கும் திருமகளையும், மயில் அருகு நிற்க வீணை மீட்டும் கலைமகளையும் கண்ணாடியிட்ட படமாக மாட்டி, நாள்தோறும் விளக்கேற்றி வணங்காத இல்லம் இந்நாட்டில் மிகச் சிலவே. அப்படங்களிற் பெரும்பாலானவற்றிற்கு மூலமாயமைந்த உருவங்களை எழுதியவர், சேரநாட்டிற் பிறந்த இராசா இரவிவர்மர் ஆவர். அவர் வாழ்வு அரசர் அவைகளில் விளங்கிய வாழ்வாயினும், கற்பிப்பாரின்றிக் கற்ற துன்பமும், ஆதரவு இழந்த துன்பமும், பொருளிழந்த துன்பமும், உற்றாரை இழந்த துன்பமும் இடையறாது வந்து மோதிய வாழ்வாகும். அத்துணைக்கும் நடுவே அவர் கைவிடாது பற்றிநின்ற ஒரு பணியின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

திருவிதாங்கூர் நாட்டில், திருவனந்தபுரத்திற்கு வடக்கே கிளிமானூர் என்னும் ஊர் உளது. அங்குள்ள அரண்மனைக் குடும்பம் திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு மணவுறவு பூண்ட பழங்குடி. அக்குடியில் 1848-ஆம் ஆண்டு ஏப்பிரல் 29-ஆம் நாள் இரவிவர்மர் பிறந்தார். தந்தையார் ஏழுமாவில் நீலகண்டன் பட்டதிரிப்பாடு வடமொழி வல்லவர். தாயார் உமையம்பா தம்புராட்டி கவிபாடும் ஆற்றல் வாய்ந்தவர். பார்வதியம்மையாரின் திருமணத்தைப் பொருளாகக் கொண்டு துள்ளல் நூலொன்று இயற்றியவர். உடன்பிறந்தோருள்ளும் மங்களாபாயி என்னும் தங்கையார் ஓவியமும், கோதவர்மர் என்னும் தம்பியார் இசையும், இராசராசவர்மர் என்னும் மற்றொரு தம்பியார் ஓவியமும் பயின்றனர். கலையும் பத்தியும் ஒருங்கே குடிகொண்ட இல்லம் அது.

சிறுவர் இரவிவர்மர் அடுப்புக்கரியை எடுத்து அரண்மனையின் வெண்சுவர்களில் விலங்குகளையும் மனிதரையும் எழுதுவாராயினர். தூய சுவர் கறைபடுதல் கண்டு பணியாளர் வெகுண்டனர். ஆயின், அவர்தம் மாமனாராகிய இராசராசவர்மர் அச்சுவரைக் கண்டு சினந்திலர். சிறுவன் கையில் அமைந்த வரைதிறத்தைக் கண்டு மகிழ்ந்தனர். இம்மாமனார் தாமும் ஓவியர். சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், தென்னாட்டிற் புகழ்பெற்ற அழகிரி நாயுடு என்பாரிடம் தஞ்சை ஓவிய முறையைப் பயின்றவர். அவரே மருகனுக்கு முதல் ஆசிரியராயினர். இலை, மலர், மரப்பட்டை, மண் ஆகியவற்றினின்று எடுத்த வண்ணங்களே அந்நாளில் அவர்கள் கையாண்டவை. தஞ்சாவூர் மரபின் ஒரு சாயல் இங்ஙனம் மாமன் வழியாக மருகனை வந்தடைந்தது என்பது தமிழ்மக்கள் அறிந்து மகிழத்தக்கது.

மறைந்து கற்ற கல்வி

1862-ஆம் ஆண்டில், பதினான்கு வயதினராகிய இரவிவர்மரை மாமனார் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்று ஆயிலியம் திருநாள் மன்னரிடம் காட்டினார். கலையார்வம் மிக்க அம்மன்னர் இளைஞரின் திறத்தை மெச்சித் தலைநகரிலேயே தங்கிப் பயிலுமாறு பணித்தனர். உறையுளும் உணவும் கிடைத்தன. கற்பிக்கும் ஆசிரியர்தாம் கிடைத்திலர்.

எண்ணெய் வண்ண ஓவியம் அந்நாளில் நம் நாட்டிற்குப் புதிது. வண்ணப்பொடியை ஆளிவிதை எண்ணெயிற் குழைத்துக் கித்தான்மேல் தீட்டும் அம்முறையில், வண்ணம் மெல்ல உலர்வதால், ஒளியும் நிழலும் ஒன்றோடொன்று இயைந்து உருவம் திரண்டு தோன்றும். மேனாட்டாரது அக்கலையை அறிந்தவர் அரண்மனையில் ஒருவர் இருந்தார். அவர் இராமசாமி நாயக்கர் என்னும் அரசவை ஓவியர். எதிர்காலத்தில் தமக்குப் போட்டியாவான் என்று அஞ்சியோ, பிறிது காரணத்தாலோ, அவர் இளைஞருக்கு அக்கலையைக் கற்பிக்க மறுத்துவிட்டார். அந்நிலையில் அவருடைய மாணாக்கராகிய ஆறுமுகம் பிள்ளை என்பார் ஆசிரியர் அறியாவண்ணம் இரவிற் போந்து, தாம் அறிந்தவற்றை இரவிவர்மருக்குச் சொல்லிக்கொடுத்தார். பின்னாளில் நாடெங்கும் புகழ்பெற்ற ஓவியர்க்கு எண்ணெய் வண்ணத்தின் முதற்பாடம் சொன்னவர் பெரும்பட்டம் பெற்ற பேராசிரியர் அல்லர். அவையில் இடம்பெறாத ஓர் எளிய மாணாக்கரே. கொடையாளர் பெயரைக் கல்லிற் பொறிக்கும் இவ்வேளையில் அத்தகைய பெயரையும் நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

1868-ஆம் ஆண்டில் தியோடர் சென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் மன்னரின் உருவத்தை எழுதத் திருவனந்தபுரம் வந்தார். அவரும் கற்பிக்க இசைந்திலர். தாம் எழுதும்போது அருகிருந்து பார்ப்பதற்கு மட்டும், அதுவும் மன்னர் விருப்பத்திற்கிணங்கி, உடன்பட்டனர். வாய்திறந்து ஒன்றும் சொல்லாத ஆசிரியரிடம் கண்ணொன்றையே செவியாகக் கொண்டு இரவிவர்மர் கற்றார். எந்த வண்ணத்தை எதனோடு கலப்பது, எந்நிழலை எவ்விடத்து இடுவது என்பவற்றைப் பகலிற் பார்த்து, தனியிருந்து செய்து பார்த்து, பிழைத்து, அழித்து, மீண்டும் எழுதித் தேறினார். இவ்வாறு ஒன்பது ஆண்டுகள் அவருக்குப் பயிற்சியிலேயே கழிந்தன. அதற்கிடையே 1866-ஆம் ஆண்டில், தம் பதினெட்டாம் வயதில், மாவேலிக்கரை அரச குடும்பத்துப் பாகீரதிபாயி அம்மையாரை மணந்தார். அவ்வம்மையாரின் தமக்கையார் இலக்குமிபாயி, திருவிதாங்கூர் அரச குடும்பத்திற்குத் தத்தெடுக்கப்பட்ட இராணியார் ஆவர்.

கொல்லூரில் நோன்பு

ஓவியம் எழுதுதலையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்வதா என்னும் வினா இரவிவர்மர்முன் எழுந்தது. அரச குடியிற் பிறந்தவர் கூலிபெற்றுப் படம் எழுதுதல் அக்காலத்தார் இழிவாகக் கருதியதொன்று. முடிவு செய்யுமுன் அவர் நாடியது அரசரையன்று, அம்பிகையை. 1870-ஆம் ஆண்டில் நெடுவழி கடந்து, சௌபர்ணிகை ஆற்றங்கரையிலுள்ள கொல்லூர் மூகாம்பிகை சந்நிதியை அடைந்து, நாற்பத்தொரு நாள் நோன்பிருந்து வழிபட்டார். சிவமும் சத்தியும் பிரிவின்றி விளங்கும் இலிங்க வடிவாகவும், கலைமகளின் அருள் நிலையமாகவும் அன்பர் போற்றும் தலம் அது. ஊமையையும் பேசவைக்கும் அத்தாயினிடம், கற்பிப்பாரின்றிக் கற்ற இவ்விளைஞர் தம் கைத்திறத்தை ஒப்புவித்தார்.

நோன்பு முடித்துத் திரும்பும் வழியில், கோழிக்கோட்டில் வாழ்ந்த கிழக்கே பாலாட்டு கிருட்டிணமேனவர் என்னும் நீதித்துறை அலுவலர் தம் குடும்பத்தாரின் உருவங்களை எழுதித் தருமாறு வேண்டினார். பொருள் பெற்று இரவிவர்மர் எழுதிய முதற்படம் அதுவே. தொழிலின் முதலூதியம் திருத்தலப் பயணத்தின் நடுவே வந்து வாய்த்ததனை அம்பிகையின் ஆணையாகவே அவர் கொண்டிருத்தல் இயல்பு. அதன்பின் அவர் பின்வாங்கியதில்லை.

புகழும் அதனைத் தொடர்ந்த இடரும்

1873-ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற ஓவியக் கண்காட்சியில், கூந்தலில் முல்லைமலர் சூடும் நாயர் மகளிரொருவரைக் காட்டும் அவரது படம் ஆளுநரின் பொற்பதக்கம் பெற்றது. அவ்வாண்டே ஆத்திரியா நாட்டு வியன்னா நகரக் கண்காட்சியிலும் அப்படம் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டு, யாழ்வகையைச் சார்ந்த இசைக்கருவியொன்றை மீட்டும் தமிழ்ப் பெண்மணியின் படத்திற்குச் சென்னையில் மீண்டும் பரிசு கிடைத்தது. 1876-ஆம் ஆண்டில், தாமரையிலையில் மடல் எழுதும் சகுந்தலையின் படத்தை அந்நாளைய சென்னை ஆளுநர் பக்கிங்காம் பிரபு தாமே விலைகொடுத்து வாங்கினார். சாகுந்தல நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த மோனியர் வில்லியம்சு என்னும் பேராசிரியர் தம் நூலின் முகப்பில் அப்படத்தை அமைத்துக்கொண்டார். ஆயிலியம் திருநாள் மன்னரும் வீரசிருங்கலை அளித்துச் சிறப்பித்தார்.

புகழ் வளர்ந்த அவ்வாண்டுகளிலேயே இடரும் வளர்ந்தது. 1875-ஆம் ஆண்டில் இரவிவர்மரின் மனைவியாரின் தமக்கை கணவரும், பெரும்புலவருமாகிய கேரளவர்மா வலியகோயித்தம்புரான் மன்னரின் சினத்திற்கு ஆளாகிச் சிறைப்பட்டார். குடும்பம் முழுவதும் கலங்கியது. 1880-ஆம் ஆண்டில் விசாகம் திருநாள் அரசரானபோது வலியகோயித்தம்புரான் விடுதலை பெற்றனர். ஆயின், புதிய மன்னருக்கும் ஓவியருக்கும் இடையே மனவேற்றுமை தோன்றிற்று. இளமைதொட்டுத் தமக்கு நிழலாயிருந்த அரண்மனையின் ஆதரவு இங்ஙனம் இரவிவர்மருக்குக் குன்றியது.

ஒரு வாயில் அடைபடின் வேறொரு வாயில் திறப்பது திருவருளின் இயல்பு. கும்பகோணத்திற் பிறந்து, திருவிதாங்கூரில் திவானாய் விளங்கி, பின் பரோடா நாட்டின் ஆட்சியைத் தாங்கிய சர் தா. மாதவராயர் இரவிவர்மரை நன்கறிந்தவர். அவர் அழைப்பின்வண்ணம் 1881-ஆம் ஆண்டில், சயாசிராவ் மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டி, இரவிவர்மர் பரோடா சென்றார். தம்பியார் இராசராசவர்மர் உடன் சென்றார். அதுமுதல் அண்ணனுக்குத் துணைவராகவும், மாணாக்கராகவும், செயலாளராகவும், படங்களின் பின்புலத்து மலையும் வானும் எழுதும் உடனோவியராகவும் அத்தம்பியார் வாழ்நாள் முழுதும் நின்றனர். இலக்குவனை ஒத்த தம்பி என்று சொல்லுதல் மிகையன்று. 1885-ஆம் ஆண்டில் மைசூர் மன்னரின் அழைப்பும் வந்தது. பிறந்த நாட்டில் அடைந்த வாயிலுக்கு ஈடாகப் பரதநாடே அவருக்குத் திறந்தது எனலாம்.

புராணம் படமான வரலாறு

1888-ஆம் ஆண்டில் பரோடா மன்னர், இராமாயண பாரத வரலாறுகளினின்று பதினான்கு படங்கள் எழுதித் தருமாறு இரவிவர்மரை வேண்டினார். பணியேற்றவுடன் அவர் தூரிகையைக் கையிலெடுத்தாரல்லர். நளனும் அரிச்சந்திரனும் கண்ணனும் எவ்வகை உடையுடுத்தனர், எவ்வகை அணி பூண்டனர் என்பதை அறியவேண்டும் என்று எண்ணினார். தம்பியாரோடு வடநாடெங்கும் பயணஞ் செய்தார். ஊர்தோறும் மக்களின் உடையையும் நடையையும் கண்டார். எல்லா நாட்டாருக்கும் பொதுவான பழைய உடை ஒன்றையும் காணாமையின், தென்னாட்டு முகத்தையும் மராட்டிய மகளிரின் சேலைக் கட்டையும் வடநாட்டு அணிகலன்களையும் ஒருங்கிணைத்துத் தம் புராணமாந்தர்க்கு உருவம் சமைத்தார். எந்த நாட்டார் காணினும் தம்மவராக எண்ணத்தக்க வடிவம் அவ்வாறு பிறந்தது.

1890-ஆம் ஆண்டில் அப்படங்கள் நிறைவெய்தின. மன்னர் மாளிகைக்குச் செல்லுமுன் திருவனந்தபுரத்திலும், பின்னர் பம்பாயிலும் பொதுமக்கள் காண அவை வைக்கப்பட்டன. திரளாக மக்கள் வந்தனர். கதை கேட்டும் கூத்துப் பார்த்தும் அறிந்த காட்சிகளைக் கண்முன் உயிருடன் நிற்பனபோலக் கண்டு வியந்தனர். இந்நிகழ்ச்சி இரவிவர்மர் உள்ளத்தில் ஒரு பெருவினாவை எழுப்பிற்று. மன்னர் மாளிகைக்குள் புகுந்தபின் இப்படங்களை இம்மக்கள் மீண்டும் எங்ஙனம் காண்பர்? தமக்கென ஒரு படத்தை விலைகொடுத்து வாங்க அரசரும் செல்வருமே வல்லர். ஏனையோர்க்கு வழி யாது? மாதவராயர் பல ஆண்டுகளுக்கு முன்பே, இப்படங்களை வண்ண அச்சிற் பெயர்த்துப் பரப்புதல் நாட்டிற்கு நலம் என்று அவருக்கு எடுத்துரைத்திருந்தார். அவ்வறிவுரை இப்போது முளைவிடத் தொடங்கியது.

அவ்வேளையில் ஒரு பேரிழப்பு நேர்ந்தது. 1891-ஆம் ஆண்டில் பாகீரதிபாயி அம்மையார் காலமானார். மணவாழ்வின் பெரும்பகுதியில் கணவர் ஊர்தோறும் அரண்மனைதோறும் பணிமேற் சென்றவராதலின், பிரிவுத்துயரைப் பொறுத்து மூன்று புதல்வியரையும் இரண்டு புதல்வரையும் வளர்த்தவர் அவ்வம்மையாரே. இரவிவர்மர் அதன்பின் வேறு மணம் செய்திலர். 1893-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகர உலகக் கண்காட்சிக்குப் பத்துப் படங்களை அனுப்பிப் பரிசுகள் பெற்றார். விவேகானந்த அடிகள் அந்நகரில் நம் சமயப் பெருமையை நாவினால் நிலைநாட்டிய அதே ஆண்டு அது. கடல்கடத்தல் குலமரபிற்கு ஒவ்வாது என்று கருதிய இரவிவர்மர் தாம் சென்றிலர், படங்களே சென்றன.

அச்சகமும் அதனால் வந்த கடனும்

1894-ஆம் ஆண்டில் பம்பாயில் இரவிவர்மரின் வண்ணக் கல்லச்சகம் தொடங்கப் பெற்றது. பொறிகள் செருமானிய நாட்டினின்று வந்தன. தொழில் வல்லாரும் அந்நாட்டினரே. அவ்வச்சு முறையைச் சிறிது விளக்குதல் நலம். வழவழப்பான ஒருவகைச் சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் உருவத்தை எழுதுவர். கல்லை நீரால் நனைத்து அச்சுமை தடவினால், மை எழுதிய இடத்தில் மட்டும் பற்றும். ஈரமான பிற இடங்களிற் பற்றாது. ஒரு வண்ணத்திற்கு ஒரு கல் வேண்டும். ஒரே தாளைக் கல்லுக்குப்பின் கல்லாக, சிறிதும் இடம் பிசகாமல் அழுத்தி எடுக்க, வண்ணம் வண்ணமாகப் படிந்து முழுவுருவம் தோன்றும். ஈற்றில் மெருகெண்ணெய் பூசினால் எண்ணெய் வண்ண ஓவியம் போலவே மிளிரும். இதனையே ஓலியோகிராப் என்பர்.

சகுந்தலையின் பிறப்பைக் காட்டும் படம் அவ்வச்சகத்தின் முதற் படமாயிற்று. தொடர்ந்து திருமகள், கலைமகள், கங்கையைச் சடையில் ஏற்கும் சிவபெருமான், இராமபிரான், கண்ணபிரான் எனத் தெய்வத் திருவுருவங்கள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. எளியோரும் வாங்கத்தக்க விலையில் விற்கப்பட்டமையால் குடிசைகளிலும் கடைகளிலும் அவை இடம்பெற்றன.

மக்கள் மகிழ்ந்தனர், ஆயின் உரிமையாளர்க்கு ஊதியம் வந்திலது. ஓவியர்க்கு வணிகம் கைவந்ததன்று. கூட்டாளியோடு இசைவு நீடிக்கவில்லை. அச்சகம் நடத்தக் கடன் வாங்க நேர்ந்தது. கடனைத் தீர்க்க, தம்பியாரும் தாமும் ஓய்வின்றி ஊரூராய்ச் சென்று செல்வர்களின் உருவப்படங்களை எழுத நேர்ந்தது. 1896-ஆம் ஆண்டு பம்பாயிற் கொள்ளைநோய் புகுந்தது. தொழிலாளர் அஞ்சி ஊரைவிட்டு ஓடினர், பொறிகள் நின்றன. 1899-ஆம் ஆண்டில் அச்சகத்தை லோணாவாலாவிற்கு அருகிலுள்ள மளவலி என்னும் ஊருக்கு மாற்றினர். அதன்பின்னும் நிலை சீர்ப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அச்சகத்தையும் படங்களை அச்சிடும் உரிமையையும், அங்குப் பணியாற்றிய பிரிட்சு சிலைச்சர் என்னும் செருமானியரிடமே விற்றுவிட நேர்ந்தது.

தாம் படைத்த திருவுருவங்களின்மேல் தமக்கு இருந்த உரிமை அன்றோடு நீங்கிற்று. வேறொருவராயின் தூரிகையை எறிந்திருப்பர். இரவிவர்மர் அவ்வாறு செய்திலர். அச்சகம் கைமாறியபின்னும் படங்கள் நிற்கவில்லை. முன்னினும் மிகுதியாகப் பரவின. நட்டம் அவருடையதாயிற்று, பயன் நாட்டினுடையதாயிற்று. குளம் வெட்டியவன் தாகத்தோடு போக, ஊரார் நீர் பருகுதல் போன்றது இது. அறத்தின் கணக்கு வணிகத்தின் கணக்கினின்று வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

தம்பியை இழந்த அண்ணன்

1904-ஆம் ஆண்டில் ஆங்கில அரசினர் இரவிவர்மருக்குக் கெய்சர்-இ-இந்து என்னும் பொற்பதக்கம் அளித்தனர். அவ்வமயத்தே மைசூர் மன்னர் நான்காம் கிருட்டிணராச உடையார் தம் அரண்மனைக்கு ஒன்பது புராணப் படங்களை எழுதித் தருமாறு வேண்டினர். பெரும்பணி, உடலிலோ நீரிழிவு நோய். எனினும் தம்பி உடனுள்ளான் என்னும் துணிவோடு பணியை ஏற்றார். 1905-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அத்தம்பியார் நோயுற்று மறைந்தார். பன்னிரண்டாண்டு இளையவர்; கால் நூற்றாண்டு நிழல்போல் தொடர்ந்தவர். ஒரே கித்தானில் ஒருவர் உருவம் எழுத, மற்றவர் அதன் பின்புலம் எழுத, இரு கையும் ஒரு கையாய் வாழ்ந்த வாழ்வு அன்று பிளவுண்டது.

துயரத்திலே அமிழ்ந்தும் இரவிவர்மர் ஏற்ற பணியை விட்டிலர். மைசூர்ப் படங்களைத் தாமே எழுதி முடித்தார். கடலரசன்மேல் சினந்து வில்லேந்தி நிற்கும் இராமபிரான் அவற்றுள் ஒருவர். சீதாபிராட்டியை மீட்க முயன்று சிறகிழந்து வீழும் சடாயுவும் அவர் தூரிகையில் உருப்பெற்ற காட்சியே. உடன்பிறப்பை இழந்த கையே மைசூர்ப் படங்களை எழுதி முடித்தது என்பதை உன்னிப் பார்ப்பின் உள்ளம் உருகும். பணி முடிந்தபின் நோய் முற்றியது. பிறந்த ஊராகிய கிளிமானூருக்குத் திரும்பி, 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், ஐம்பத்தெட்டாம் வயதில், இரவிவர்மர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

குறைகூறினார் கூற்றை ஆராய்தல்

அவர் மறைந்த சிறுபொழுதிலேயே அவர் கலையைப் பழிப்பாரும் தோன்றினர். ஈழத்தமிழர் சர் முத்துக்குமாரசாமியாரின் புதல்வரும், நடராசப் பெருமானின் திருக்கூத்தை உலகறிய விளக்கியவருமாகிய ஆனந்தக் குமாரசாமி அவருள் ஒருவர். நிவேதிதை அம்மையார் மற்றொருவர். இரவிவர்மரின் தெய்வங்கள் தெய்வத்தன்மையின்றி மானுட மகளிரும் ஆடவருமாகவே தோன்றுகின்றனர்; கலைமுறையோ மேனாட்டினின்று இரவல் பெற்றது; நம் சிற்பநூல் மரபு அதில் இல்லை என்பது அவர்தம் கருத்தின் சாரம்.

இவர்கள் கூற்றைப் புறந்தள்ளுதல் நேர்மையன்று. நம் தபதியர் தியான சுலோகத்தை உள்ளத்திற் கொண்டு, தாலமானம் என்னும் அளவுமுறை வழுவாது திருமேனி அமைப்பர். எதிரிலுள்ள ஒருவரின் முகத்தைப் பார்த்து அவர்கள் வடிப்பதில்லை. இரவிவர்மரோ கண்ணாற் கண்ட மானுட முகத்தினின்றே தெய்வ முகத்தை எழுதினார். ஆகமத்தின்வழி நோக்கின் இவை கருவறைக்கு உரியன அல்ல. அவரும் கருவறைக்கென்று எழுதினாரல்லர். கல்லிலும் செம்பிலும் அமைந்து, யாகசாலையில் மந்திரநீரால் உயிர்பெற்ற மூர்த்தத்திற்கு ஈடாக ஒரு தாட்படத்தை வைப்பார் யாருமிலர். சுதையாலும் வண்ணத்தாலும் அமைந்த திருவுருவங்களுக்கு நேரே நீராட்டுதலும் இல்லை. கண்ணாடியில் தோன்றும் நிழலுக்கு நீராட்டும் வழக்கமே உண்டு. எதற்கு எவ்விடம் என்பதை நம் முன்னோர் தெளிவாக வகுத்துள்ளனர்.

அவ்வாறாயின் இப்படங்களின் இடம் யாது? இல்லமே அதன் இடம். திருக்கோயிலுக்கு நாள்தோறும் செல்ல இயலாத முதியோர், நோயாளர், பிறந்த ஊரைவிட்டு மலைத்தோட்டத்திலும் கடல்கடந்த நாட்டிலும் உழைத்தோர் ஆகியோருக்கு ஒரு தாட்படமே சந்நிதியாய் நின்றது. அதனினும் ஆழ்ந்து எண்ணத்தக்கது ஒன்றுண்டு. இரவிவர்மர் வாழ்ந்த காலத்தில், பிறப்பைக் காரணங்காட்டிக் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்கள் இலட்சக்கணக்கினர். மூலவரை அவர்கள் கண்ணாற் கண்டதில்லை. கருவறையைக் காண இசைவு பெறாத அக்கண்களுக்கு முன், சந்தையில் வாங்கிய ஒரு படத்தின் வாயிலாக இறைவன் தானே சென்று நின்றான். சிற்பநூலின் அளவு தவறியிருக்கலாம். கருணையின் அளவு தவறவில்லை.

இதனோடு ஒத்த மற்றொரு செய்தியும் உண்டு. 1900-ஆம் ஆண்டில் இரவிவர்மரின் பேத்தியராகிய சேதுலட்சுமிபாயியும் சேதுபார்வதிபாயியும் திருவிதாங்கூர் அரச குடும்பத்திற்குத் தத்தெடுக்கப்பட்டனர். சேதுபார்வதிபாயியின் புதல்வரே சித்திரைத் திருநாள் மன்னர். அம்மன்னர் 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனத்தால், அரசின் ஆட்சிக்குட்பட்ட திருக்கோயில்கள் இந்து சமயத்தார் அனைவர்க்கும் திறக்கப்பட்டன. ஒன்றினால் மற்றொன்று விளைந்தது என்று கூற வருகின்றோமில்லை. அவ்வறத்திற்காகப் பாடுபட்டுத் துன்புற்றோர் பலர். எனினும், இறைவனை எல்லோர் இல்லத்திற்கும் அனுப்பியவரின் கொள்ளுப்பேரர், எல்லோரையும் இறைவன் இல்லத்திற்குள் அழைத்தார் என்பது எண்ணுந்தோறும் இன்பம் பயப்பதாம்.

நிலைத்து நிற்பது

மளவலியிலிருந்த அச்சகம் 1972-ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று. இரவிவர்மர் கடன்பட்டுத் தேடிய செல்வத்தின் எச்சம் அன்று பெரும்பாலும் அழிந்தது. எழுதிய படங்கள் பரோடாவிலும், மைசூர் சகன்மோகன் அரண்மனையிலும், திருவனந்தபுரத்தில் 1935-இல் நிறுவப்பெற்ற சித்திராலயத்திலும் காக்கப்பட்டு வருகின்றன. 1979-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர்தம் படைப்புகளை நாட்டின் கலைச்செல்வமாக அறிவித்துள்ளது. ஆயினும் அவர்தம் பணியின் உண்மையான காட்சிச்சாலை இவற்றுள் எதுவுமன்று. விளக்குப்புகை படிந்து, மஞ்சளும் குங்குமமும் இட்ட இடம் மங்கி, மூன்று தலைமுறையார் கைதொட்டு வணங்கிய ஒரு பழைய படம் மாட்டிய எளிய இல்லத்துச் சுவரே அது. கரியினாற் கிறுக்கப்பட்ட கிளிமானூர்ச் சுவரிற் பிறந்த கலை, நாட்டின் எல்லாச் சுவர்களிலும் இடம்பெற்றது.

திருக்கோயிற் பணியில் ஈடுபட்டோர்க்கு இவ்வாழ்வு உணர்த்துவது யாது? கற்பிக்க மறுத்தாரை நொந்துகொண்டு அவர் நின்றுவிடவில்லை, கண்டதிலிருந்து கற்றார். ஆதரவு நீங்கியபோது கலை நீங்கவில்லை. பொருள் போயிற்று, பணி போகவில்லை. தம்பி மறைந்தான், ஏற்ற சொல் மறையவில்லை. தம் பெயர் நிற்கவேண்டும் என்று கல்லிற் பொறித்துக்கொண்டவர் பெயரையும் காலம் தேய்த்துவிடுகின்றது. எழுதியவர் யாவர் என்று அறியாமலே கோடி மக்கள் கைகூப்பும் ஒரு திருவுருவத்தை விட்டுச் சென்றவரின் தொண்டையோ காலம் தொடமுடிவதில்லை. இன்று மாலை வீடு திரும்பியதும், பூசையறையில் உள்ள திருமகளின் படத்தின் அடியில் ஒரு மலரை இடுங்கால், அதனை எழுதிய கையையும் ஒரு கணம் நினைப்போமாக. அந்நினைவும் வழிபாட்டின் ஒரு கூறேயாம்.

திருவருள் எங்கும் நிறைக.